பூனை என்றால் பூனைதானே டீச்சர்? – உயிரினப் பெயர்கள் அகராதிக்கு வந்த கதை



ஓய்வு பெற்ற பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று பலரும் கேட்கிறீர்கள். தினமும் காலையில் இரண்டு மணி நேரம் தமிழ் விக்சனரியில் உட்காருகிறேன். விலங்கு, பறவை, மீன், பாம்பு பெயர்களைச் சேர்ப்பதும், ஏற்கெனவே இருப்பதைத் திருத்துவதும்தான் வேலை. இதைச் சொன்னதும் போன மாதம் ஒரு பழைய மாணவன், "அதில் என்ன டீச்சர் இருக்கிறது? பூனை என்றால் பூனை, நரி என்றால் நரிதானே?" என்று எழுதியிருந்தான். அவனுக்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இந்த நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் படித்துக் காட்டுங்கள். கடைசியில் அவர்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

முதலில் விக்சனரி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு. விக்கிப்பீடியாவைப் போல யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்ற முறையில் இணையத்தில் இருக்கும் அகராதி அது. ஆங்கிலத்தில் 2002 டிசம்பரில் தொடங்கியது. தமிழில் 2004இல் வந்தது. இன்று மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ப் பொருள் சொல்லும் பக்கங்கள். அந்த இடத்தில்தான் நம்முடைய சிக்கலே ஆரம்பிக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முன்கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தமிழில் உயிரினப் பெயர்களை வரிசைப்படுத்தும் பழக்கம் மிகப் பழையது. தொல்காப்பியத்தில் மரபியல் என்று ஒரு பகுதி உண்டு. எந்த உயிரின் குட்டியை என்ன சொல்லி அழைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. இளமைப் பெயர்கள் மட்டும் ஒன்பது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. ஆண், பெண் பெயர்களுக்கும் தனித்தனி வரிசை. யானையில் ஆண் களிறு, பெண் பிடி. குரங்கில் கடுவன், மந்தி. நான் மூன்றாம் வகுப்பில் உங்களை "பசு – கன்று, ஆடு – குட்டி, கோழி – குஞ்சு" என்று எழுதவைத்தது நினைவிருக்கிறதா? அந்தப் பயிற்சியின் வேர் அங்கே இருக்கிறது. பறவைக் குஞ்சைப் பிள்ளை என்று சொல்லலாம் என்கிறது மரபியல். நாம் இன்றும் "கிளிப்பிள்ளை" என்கிறோம்.

மரபியலின் நோக்கம் சொல் வழக்கைக் காப்பது. எந்தப் பெயருக்குரிய விலங்கு எப்படி இருக்கும் என்று அது விளக்கவில்லை. விளக்க வேண்டிய தேவையும் அன்று இல்லை. மூங்கா, வெருகு என்று சொன்னால் கேட்டவர் கண்ணால் பார்த்திருப்பார்.

அடுத்து நிகண்டுகள் வந்தன. திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நிகண்டை மனப்பாடம் செய்தே தமிழ் படித்தார்கள். திவாகரத்தில் விலங்குகளுக்கென்றே "விலங்கின் பெயர்த் தொகுதி" உண்டு. யானை என்றால் வேழம், கரி, களிறு, வாரணம், உம்பல், கைம்மா, குஞ்சரம் என்று அடுக்கிக்கொண்டே போகும். பாட்டு எழுதுகிறவருக்கு எதுகை மோனைக்கு ஏற்றபடி ஒரு சொல் வேண்டும். அதற்காகவே செய்யப்பட்ட நூல் அது. ஒரு விலங்குக்கு இருபது பெயர் இருப்பது புலவருக்குச் செல்வம். ஆனால் கடலில் இருநூறு வகை மீன் இருந்தாலும் நிகண்டில் இடம் பிடித்தவை கொஞ்சம்தான். வலை இழுத்தவர்களிடம் இருந்த பெயர்கள் ஓலைக்கு வரவில்லை.

இதற்கு நேர் எதிரான வழியை ஐரோப்பாவில் லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் கொண்டுவந்தார். 1758இல் வெளிவந்த அவருடைய நூலின் பத்தாம் பதிப்பில் எல்லா விலங்குகளுக்கும் இரண்டு சொல்லில் ஒரு பெயர் வைத்தார். ஓர் உயிருக்கு ஒரே பெயர், உலகம் முழுவதற்கும் அதுவே. நாம் அறிவியல் பெயர் என்று படிப்பது இதைத்தான்.

இந்த இரண்டு வழிகளும் நம் ஊரிலேயே சந்தித்துக்கொண்டன. இடம், தரங்கம்பாடி. டேனியர்கள் கோட்டை கட்டி வாணிகம் செய்த ஊர். அங்கே கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற ஜெர்மானியப் பாதிரியார் இருந்தார். கரையில் கிடைத்த மீன்களைப் பதப்படுத்தி பெர்லினில் இருந்த பிளாக் என்ற மீன் அறிஞருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். பிளாக் அவற்றுக்கு அறிவியல் பெயர் வைத்தார். தரங்கம்பாடி மீனவர்கள் சொன்ன பெயர்களும் அந்தப் பெட்டிகளோடு போயிருக்கின்றன. கத்தாளை மீனில் ஒரு வகைக்கு இன்றும் "ஜானியஸ் கருட்டா" என்றுதான் அறிவியல் பெயர். ஜானியஸ் என்பது பாதிரியாரின் பெயர். கருட்டா என்பது வேறொன்றுமில்லை, நம்முடைய "கருத்த" கத்தாளை. 1793இல் வைத்த பெயர். எந்த நாட்டு விஞ்ஞானி அந்த மீனைப் பற்றி எழுதினாலும் ஒரு தமிழ்ச் சொல்லை எழுதித்தான் ஆகவேண்டும். மீன் பிடித்துக் கொடுத்தவர் பெயர் எங்கும் இல்லை.

இன்னொரு கதையும் தரங்கம்பாடியிலேயே நடந்தது. டால்டார்ஃப் என்ற டேனிய லெப்டினன்ட் 1791இல் ஒரு பனைமரத்தில் நீர்மட்டத்திலிருந்து ஐந்தடி உயரத்தில் ஒரு மீன் ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் அதை 1797இல் வெளியிட்டது. பின்னால் வந்த அறிஞர்கள் மரம் ஏறுவதை நம்ப மறுத்தார்கள். ஆனால் அந்த மீனுக்கு ஊர்க்காரர்கள் முன்பே "பனையேறி" என்று பெயர் வைத்திருந்தார்கள். ஜான் பாதிரியாரும் அந்தத் தமிழ்ப் பெயரைக் குறித்திருக்கிறார். செவுளுக்கு மேல் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு இருப்பதால் குளம் வற்றினால் அது தரையில் ஊர்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். மழைக்காலத்தில் வரப்பில் பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். பெயரே ஒரு சாட்சியாக நிற்கிறது பாருங்கள்.

அதே காலத்தில் விசாகப்பட்டினத்தில் பேட்ரிக் ரஸ்ஸெல் என்ற மருத்துவர் பாம்புகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். 1796இல் வந்த அவருடைய நூலில் தெலுங்குப் பெயர்களைக் கேட்டு எழுதிவைத்தார். கட்டுவிரியன் இனத்துக்கு இன்று "பங்காரஸ்" என்பது அறிவியல் பெயர். தெலுங்கில் பங்காரு என்றால் பொன். மஞ்சள் பட்டை உள்ள கட்டுவிரியனைத் தெலுங்கர் சொன்ன பெயரிலிருந்து வந்தது. கண்ணாடி விரியனுக்கோ ரஸ்ஸெல் பெயரையே வைத்துவிட்டார்கள். நம் மண்ணுளிப் பாம்புக்கு ரஸ்ஸெல் 1801இல் ஜான் பாதிரியார் பெயரைச் சூட்டினார்: "எரிக்ஸ் ஜானி".

இந்தப் பாதிரிமார்களில் ராட்லர் என்றொருவரை நான் தனியாகச் சொல்ல வேண்டும். 1776இல் தரங்கம்பாடிக்கு வந்து பிறகு சென்னை வேப்பேரியில் வாழ்ந்தவர். செடிகொடிகளைத் தேடித் தேடிச் சேர்த்த தாவரவியலாளர். அதே மனிதர்தான் பெரிய தமிழ் – ஆங்கில அகராதி ஒன்றையும் தொகுத்தார். 1834இல் வரத் தொடங்கி அவர் இறந்த பிறகு 1841இல் முடிந்தது. செடியைப் பார்த்தவரே சொல்லையும் எழுதினார். அகராதிக்கு வேண்டிய குணம் இதுதான் என்று எனக்குத் தோன்றும். பின்னால் 1862இல் வின்சுலோ அகராதி 67,000க்கும் மேற்பட்ட சொற்களோடு வந்தது.

அதே 1862இல்தான் சென்னைப் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டன் இந்தியப் பறவைகள் பற்றிய பெரிய நூலை வெளியிடத் தொடங்கினார். ஃபிரான்சிஸ் டே என்ற இன்னொரு மருத்துவர் 1875 முதல் 1878 வரை இந்திய மீன்கள் பற்றிய நூலைக் கொண்டுவந்தார். இரண்டு பேரும் தமிழ், தெலுங்குப் பெயர்களைக் கேட்டுக் கேட்டுப் பதித்திருக்கிறார்கள். பெரிய உதவி. ஆனால் எல்லாம் ஆங்கில எழுத்தில். ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். குறிலா நெடிலா தெரியாது. வாளை, வாழை, வலை மூன்றையும் ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள், புரியும். அந்தப் பெயர்களைத் திரும்பத் தமிழ் எழுத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால் கடற்கரைக்குப் போய் வாய்விட்டுச் சொல்லச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

பிறகு வந்தது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939இல் பின்னிணைப்பு. மொத்தம் 1,17,762 சொற்கள். வையாபுரிப் பிள்ளை 1926 முதல் அதன் பதிப்பாசிரியர். பல உயிர்களுக்கு அறிவியல் பெயரையும் சேர்த்துக் கொடுத்தது அதன் சிறப்பு. அயிரை மீனை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரைப் பக்கம் அயிரை மீன் குழம்பு தெரியாதவர் உண்டா? லெக்சிகனில் அதற்கு "கோபிடிஸ் தெர்மாலிஸ்" என்று இருக்கிறது. 1846இல் வாலன்சியன் என்ற பிரெஞ்சு அறிஞர் வைத்த பெயர். தெர்மாலிஸ் என்றால் வெந்நீர் ஊற்றைச் சேர்ந்தது. நம் வைகை அயிரைக்கும் வெந்நீருக்கும் என்ன சம்பந்தம்? அவருக்குக் கிடைத்த மீன் இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கும் கன்னியா வெந்நீர் ஊற்றிலிருந்து போனது! இன்று அந்த மீனை "லெபிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ்" என்று மாற்றிவிட்டார்கள். அச்சான லெக்சிகனில் அதைத் திருத்த முடியாது. விக்சனரியில் ஐந்து நிமிட வேலை.

அறிவியல் பெயர் மாறாது என்று நாம் வகுப்பில் படித்தோம். அது அப்படியில்லை. நம் மாநில விலங்கான வரையாட்டைப் பாருங்கள். 1838இல் "கெமாஸ்" என்ற இனத்தில் வைத்தார்கள். பிறகு "ஹெமிட்ராகஸ்" ஆனது. 2005இல் மரபணுவைப் பார்த்து "நீல்கிரிட்ராகஸ்" என்று அதற்கெனத் தனி இனம் உண்டாக்கினார்கள். இத்தனை மாற்றத்திலும் வரையில் வாழும் ஆடு வரையாடாகவே இருக்கிறது. வரை என்றால் மலை. அதனால் அகராதியில் இரண்டும் வேண்டும். அறிவியல் பெயர் இல்லாவிட்டால் எந்த உயிர் என்று வெளியாருக்குத் தெரியாது. ஊர்ப்பெயர் இல்லாவிட்டால் அந்த உயிரை அறிந்த மனிதர்களோடு தொடர்பு அறுந்துவிடும்.

சுதந்திரத்துக்குப் பிறகு பெரியசாமித் தூரன் தலைமையில் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. மா. கிருஷ்ணன் காட்டுயிர்களைப் பற்றித் தமிழில் எழுதினார். பி.எல். சாமி சங்க இலக்கியத்தில் வரும் பறவைகளையும் விலங்குகளையும் இனம் கண்டு நூல்கள் எழுதினார். க. ரத்னம் பறவைப் பெயர்களைத் தேடித் தொகுத்தார். தியடோர் பாஸ்கரன் பழைய பெயர்களை நம் காலத்துக் கட்டுரைகளில் திரும்பப் புழங்கவைத்தார். இவர்கள் எல்லோரும் விக்சனரியில் எழுதுகிறவர்களுக்கு ஆசான்கள்.

ஆனால் அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. நான் ஆசிரியப் பணியில் சேர்ந்தது முதல் கண்ணால் பார்த்தது அது. அறிவியல் பாடநூல்களையும் கலைச்சொல் பட்டியல்களையும் உருவாக்கியவர்கள் ஆங்கிலப் பெயரை எதிரில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தார்கள். அந்தப் பட்டியல்கள் இணையத்துக்கும் வந்தன. இப்போது ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் அந்த மொழிபெயர்ப்புதான் முதலில் வருகிறது. ஊர்ப்பெயர் வருவதில்லை.

சில உதாரணங்கள் சொல்கிறேன்.

செதிலோடு உருண்டு கொள்ளும் விலங்குக்குத் தமிழில் அலுங்கு என்று பெயர். அழுங்கு என்றும் சொல்வார்கள். பாடநூலில் எறும்புதின்னி ஆனது. தென் அமெரிக்காவில் செதிலே இல்லாமல் நீண்ட மூக்கோடு ஒரு விலங்கு இருக்கிறது. அதற்கும் எறும்புதின்னி என்றுதான் எழுதுகிறார்கள். இரண்டுக்கும் உறவே கிடையாது. அலுங்கு என்ற சொல் இருந்தால் குழப்பமே இல்லை.

பாக் நீரிணைக் கரையில் ஆவுளியா என்று ஒரு பெயர் உண்டு. புத்தகத்தில் கடற்பசு. ஆவுளியாவைக் காக்க 2022இல் பாக் விரிகுடாவில் இந்தியாவின் முதல் காப்பகம் அறிவிக்கப்பட்டது. வடபசிபிக்கில் வாழ்ந்து 1768 வாக்கில் அழிந்துபோன ஸ்டெல்லரின் கடற்பசு என்ற வேறோர் உயிரும் இருந்தது. பிள்ளைகள் "கடற்பசு அழிந்துவிட்டது" என்று எங்காவது படித்தால் எதை நினைப்பார்கள்?

கரையில் கடல் அட்டை என்பதை அகராதி கடல் வெள்ளரி என்கிறது. கரையில் சொறி என்பது புத்தகத்தில் ஜெல்லிமீன். சொறி என்ற பெயரிலேயே "தொடாதே, அரிக்கும்" என்ற எச்சரிக்கை இருக்கிறது. ஜெல்லி என்றால் பிள்ளை கையை நீட்டும்.

மலைக்காட்டில் மேயும் பெரிய மாட்டைப் பலரும் காட்டெருமை என்கிறார்கள், செய்தித்தாளும் அப்படியே எழுதுகிறது. அது எருமை இனமே இல்லை, மாட்டினம். காட்டுமாடு என்பதுதான் சரி. சங்க இலக்கியம் ஆமா என்கிறது. ஆ என்றாலே மாடு. உண்மையான காட்டெருமை வேறு, அஸ்ஸாம் பக்கம் இருக்கிறது.

நரிக்கு வருவோம். ஆங்கிலப் பாடத்தில் ஃபாக்ஸ் என்றால் நரி என்று எல்லோரும் படித்தோம், படிப்பித்தோம். நம் காட்டோரத்தில் ஊளையிடும் நரியை ஆங்கிலத்தில் ஜாக்கல் என்பார்கள். ஃபாக்ஸ் என்பதற்கு நம்மிடம் இருப்பது குள்ளநரி, குழிநரி. அது உருவத்தில் சிறியது. பாட்டி வடை சுட்ட கதையில் எந்த நரி வந்தாலும் குற்றமில்லை. அகராதியில் வந்தால் இரண்டையும் பிரித்துத்தான் எழுத வேண்டும்.

இதெல்லாம் பண்டிதர் சண்டை என்று நினைப்பவர்களுக்காக அடுத்ததைச் சொல்கிறேன். பெயரில் உயிர் போகிற விஷயமும் இருக்கிறது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் மூன்றுக்கும் விரியன் என்று முடிகிறது. முதல் இரண்டும் விரியன் குடும்பம். கடித்தால் வீக்கமும் வலியும் இரத்தக் கசிவும் காட்டும். கட்டுவிரியன் அந்தக் குடும்பமே இல்லை, நல்லபாம்பின் குடும்பம். இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல நேரம் வலியும் வீக்கமும் இருக்காது. இமை தொங்கும், பேச்சு குழறும், பிறகு மூச்சு நிற்கும். "விரியன் கடித்தால் வீங்கும்" என்று கேட்டு வளர்ந்தவர் வீக்கம் இல்லையே என்று விடியும்வரை காத்திருந்தால் என்ன ஆகும்? விக்சனரியில் கட்டுவிரியன் பக்கத்தில் "ஒரு நச்சுப் பாம்பு" என்பதோடு நிறுத்தக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இதுதான் காரணம். இது விரியன் குடும்பம் அல்ல என்ற ஒரு வரி அங்கே இருக்க வேண்டும். யாரைப் பாம்பு கடித்தாலும் எந்தப் பாம்பு என்று தேடிக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நஞ்சுமுறி மருந்து இந்த மூன்றுக்கும் நல்லபாம்புக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுகிறது.

அந்த மருந்துக்கான நஞ்சைப் பாம்பிடமிருந்து எடுத்துக் கொடுப்பதில் பெரும்பங்கு மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினுடையது. அந்த மக்களில் இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தடத்தைப் பார்த்தே எந்தப் பாம்பு என்று சொல்லும் அவர்களிடம் எத்தனை சொற்கள் இருக்கும்! எந்த அகராதியில் அவை ஏறியிருக்கின்றன?

மண்ணுளிப் பாம்பை எடுத்துக்கொள்ளுங்கள். வால் மழுங்கி இருப்பதால் இருதலை மணியன் என்று பெயர் வந்தது. பெயரை வைத்து இரண்டு தலை என்று நம்பி, லட்சம் கோடி என்று விலை பேசிக் கடத்துகிறார்கள். சட்டப்படி குற்றம். இருதலை மணியன் என்ற சொல்லை நான் நீக்கமாட்டேன். மக்கள் சொல்லும் சொல் அகராதியில் இருக்கவேண்டும். பக்கத்திலேயே "தலை ஒன்றுதான், மற்றது மழுங்கிய வால்" என்றும் எழுதவேண்டும்.

ஒரே பெயர் ஊருக்கு ஊர் மாறும் சிக்கலும் உண்டு. சென்னையில் வஞ்சிரம், தெற்கே நெய்மீன், சீலா, யாழ்ப்பாணத்தில் அறுக்குளா – எல்லாம் ஒரே மீன். ஆனால் சீலா என்று வேறு சில கரைகளில் கேட்டால் ஊளி மீனைக் கொடுப்பார்கள். நிகண்டு எழுதியவர் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிவிட்டுப் போயிருப்பார். நாம் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எந்த ஊர் என்று எழுத வேண்டும். அது இல்லாவிட்டால் பெயர் இருந்தும் பயனில்லை.

எல்லாப் புதுப்பெயரையும் நான் எதிர்ப்பதாக நினைக்காதீர்கள். ஆப்பிரிக்காவின் திலாப்பியா மீன் 1952இல் இலங்கை வழியாக மண்டபத்துக்கு வந்தது. நம் மக்கள் அதற்கு ஜிலேபி கெண்டை என்று பெயர் வைத்தார்கள். அது கெண்டை இனமும் இல்லை, ஜிலேபியும் இல்லை. ஆனாலும் அது மக்கள் வைத்த பெயர், அகராதியில் கட்டாயம் இருக்கவேண்டும். பட்டாம்பூச்சிகளுக்கு வகை வகையாக ஊர்ப்பெயர் கிடைப்பது அரிது. அங்கே ஆர்வலர்கள் புதுப்பெயர் உருவாக்கினார்கள். 2019இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் அப்படி வந்ததுதான். இல்லாத இடத்தில் புதிதாக உண்டாக்குவது நல்லது. இருக்கும் பெயரை விசாரிக்காமலே மேலே ஒன்றை ஒட்டுவதுதான் வருத்தம்.

இன்னொரு கட்டுப்பாடும் வைத்திருக்கிறேன். சங்க இலக்கியத்தில் முதலை, இடங்கர், கராம் என்று மூன்று பெயர் வருகிறது. இந்தியாவிலும் முதலை இனம் மூன்று. உடனே மூன்றையும் மூன்றோடு பொருத்திவிட ஆசை வரும். ஆதாரம் இல்லாமல் பொருத்தக் கூடாது. "முதலை வகை, சங்க இலக்கியத்தில் வருவது" என்று எழுதி நிறுத்திவிட வேண்டும். தப்பான அறிவியல் பெயரை எழுதிவிட்டால் அதை நூறு பேர் நகல் எடுப்பார்கள்.

இப்போது எனக்கு மனசில் இருப்பதைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த கடற்கரைப் பள்ளியில் படித்தவர்கள் இதைப் படிக்கிறீர்கள். உங்கள் வகுப்பில் வாசிக்கத் திணறும் பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். அவர்களே ஏலம் விடும் இடத்தில் நின்றால் நாற்பது மீன் பெயரை மூச்சுவிடாமல் சொல்வார்கள். எது குஞ்சு, எது வளர்ந்தது, எந்த மாசத்தில் எது வரும் என்று தெரியும். பாடநூலில் அந்த நாற்பதில் ஐந்துகூடக் கிடையாது. தேர்வில் அவர்களுக்கு மதிப்பெண்ணும் கிடையாது.

இந்த வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. மரபியல் எழுதியவர் இலக்கணத்துக்காக எழுதினார். நிகண்டு புலவருக்காக. பாதிரியார் பெர்லினுக்காக, மருத்துவர் லண்டனுக்காக, லெக்சிகன் படித்தவருக்காக. எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பெயர் வைத்தவர்கள் வலைக்காரர்கள், கீதாரிகள், உழவர்கள், இருளர்கள். இரண்டாயிரம் வருஷத்தில் அவர்களே எழுதக்கூடிய அகராதி இப்போதுதான் முதல் தடவையாக வந்திருக்கிறது. அனுமதி வேண்டாம், பட்டம் வேண்டாம், காசு வேண்டாம். யார் எப்போது என்ன திருத்தினார்கள் என்று ஒவ்வொரு பக்கத்தின் வரலாற்றிலும் பதிவாகிவிடும். தவறு இருந்தால் அடுத்தவர் சரிசெய்வார். வாசல் திறந்திருந்தும் அவர்கள் இன்னும் உள்ளே வரவில்லை.

காலமும் அதிகமில்லை. வேளா என்ற மீனை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? மூக்கில் இரண்டு பக்கமும் பல் வைத்த வாள் போன்ற கொம்பு இருக்கும். சுறாவின் கொம்பை நட்டுக் கும்பிட்ட பரதவரைப் பட்டினப்பாலை பேசுகிறது. இன்று உலக அளவில் அழிவின் விளிம்பில் இருக்கும் மீன்களில் வேளாவும் ஒன்று. மீன் வலையில் வருவது நின்றால் பெயர் பேச்சில் வருவதும் நின்றுவிடும். அதைச் சொன்ன கிழவர்களும் போய்விட்டால் எந்தப் பெயர் எந்த உயிருக்கு என்று சொல்ல ஆளிருக்காது. பிறகு அகராதியில் "மீன்வகை" என்று ஒற்றைச் சொல்தான் மிஞ்சும்.

ஆகவே வீட்டுப்பாடம் தருகிறேன். பல வருஷம் கழித்து டீச்சர் தரும் வீட்டுப்பாடம், தட்டாதீர்கள்.

உங்கள் தாத்தா, பாட்டி, அப்பத்தா, பெரியப்பா யாரிடமாவது உட்கார்ந்து பத்து உயிர்களின் பெயர் கேளுங்கள். பறவை, மீன், பூச்சி, பாம்பு எதுவானாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து விஷயம் எழுதுங்கள். ஒன்று, அவர்கள் சொன்னபடியே பெயர். நீங்கள் "திருத்த" வேண்டாம். இரண்டு, எந்த ஊர், எந்தத் தொழில் செய்பவர் சொன்னது. மூன்று, அதே உயிருக்கு வேறு பெயர் உண்டா. நான்கு, எதோடு குழம்பும், எப்படிப் பிரித்து அறிவது. ஐந்து, முடிந்தால் ஒரு படம். படம் இருந்தால் அறிவியல் பெயரை விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். அவர்கள் குரலில் பெயரைச் சொல்லிப் பதிவு செய்தால் இன்னும் நல்லது. விக்சனரியில் ஒலிப்பையும் ஏற்றலாம்.

கணக்குத் தொடங்கி நீங்களே ஏற்றினால் எனக்கு மிகுந்த சந்தோஷம். தெரியாவிட்டால் இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றாகச் சேர்க்கும் வேலை என்னுடையது. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்குப் பேசும்போது "சாப்பிட்டீர்களா" என்பதோடு இதையும் ஒரு கேள்வியாகக் கேட்டுவிடுங்கள். முதியவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். யாரும் அவர்களிடம் இதையெல்லாம் கேட்பதில்லை.

நேற்று நான் ஏற்றியது பனையேறி. அடுத்தது உங்கள் வீட்டிலிருந்து வரட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்